கிறிஸ்துமஸுக்கு வரும் போன்

என் வீட்டுக்காரர் செத்துப்போன சேதி, தெரியவேண்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய அண்ணன் ஐயம்பெருமாளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு தேவமணி டீச்சருக்குத் தெரியும். டீச்சர் வீட்டுக்காரர் பாக்கியசீலன் சாருக்கும் தெரியும். கட்டின பெண்டாட்டி நான் மட்டும் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசித் திரிந்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பின்னால் பைய வரும்.

நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு வளவில் குடியிருந்தோம். வாசல் ஒன்று, உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அந்தக் குழாயடியில் நான் சண்டை போடாத ஆள் கிடையாது. கோமு வாயைத் திறந்தால் குடம் தானாக நிரம்பிவிடும் என்று எதிர்வீட்டு சுபைதா பேகம் கேலி பண்ணுவாள். பேசினால் பேசட்டும். ஒற்றைப் பொம்பளையாகப் பிள்ளையை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு வாய்தானே துணை?

நடராஜ், அதுதான் எங்கள் வீட்டுக்காரர், மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாட்டில், குமாசி என்ற ஊரில், பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனி ஒன்றில் கணக்கு பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். போன் வருஷத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாட்களில் கம்பெனி விடாது. வெளிநாட்டுக்குப் பேச ஊருக்கு நடுவில் ஒரு போன் ஆபீஸ் இருந்ததாம், அங்கே போய் வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடுமாம். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் நாடு முழுக்க லீவு. மறுநாளும் லீவு. அன்றைக்கு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்று எங்களைக் கூப்பிடுவார். இங்கே டீச்சர் வீட்டில்தான் போன் இருந்தது. சாயங்காலக் காபி நேரத்துக்கு அது அடிக்கும்.

அங்கே நடக்கிற கிறிஸ்துமஸைப் பற்றி அவர் ஊருக்கு வந்தபோது வாய் ஓயாமல் சொல்வார். “கோமு, அங்கன பாதிப்பேரு வேதக்காரங்க, நம்ம பக்கம் மாதிரியே முஸ்லிமும் உண்டு, மரத்தைக் கும்பிடுதவனும் உண்டு. ஆனா கிறிஸ்துமஸ்னா எல்லாவனும் புதுச்சட்டை போடுதான். பள்ளிவாசலுக்குப் போறவன் வீட்டுப் பிள்ளைங்க தென்னோலை மாதிரி ஒரு ஓலையில குடிசை கட்டி உள்ள உக்காந்து ஆட்டம் போடுதுங்க. வெடி வேற. நம்ம தீவாளி தோத்துரும்.” சிலுவைக்காரர் வீட்டுச் சோறும் கோழிக்குழம்பும் முஸ்லிம் வீட்டுக்குப் போகுமாம். பெருநாள் வந்தால் அங்கேயிருந்து ஆட்டுக்கறி திரும்பி வருமாம். சைவக்காரர் இவர் என்ன செய்வார்? இவருக்கென்று பழுத்த ஏத்தன்பழத்தைத் தனியாகப் பொரித்து வைப்பார்களாம். நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு, உனக்கு மட்டும் வருஷம் பூரா சாம்பல் புதனா என்று கேட்பார்களாம். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள்.

“இங்கயும்தான் கவர்மெண்டு லீவு விடுதான். நாங்க என்ன புதுச்சேலையா கட்டுதோம்?” என்று கேட்டேன்.

“நீ கட்டுதேன்னு யாரு சொன்னா? டீச்சர் வீட்டுப் பலகாரத்தை மட்டும் மொக்குதேல்லா” என்றார்.

வாஸ்தவம்தான். டீச்சர் வீட்டுப் பலகாரத்துக்கு நான் அடிமை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் காலையில், கோயிலில் முதல் ஆராதனை முடிந்து வந்ததும் வராததுமாக, பின்னல் துணி போட்டு மூடிய தட்டோடு டீச்சர் வந்துவிடுவார்கள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், ஓரமாக இரண்டு துண்டு கேக்கு, ஒரு சீப்புப் பழம். வளவுக்குள் எந்த வீட்டுக்கும் அது தப்பாது. துட்டி வீட்டுக்கு மட்டும் போகாது. ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் அந்த வருஷம் அங்கே இனிப்பு கொண்டுபோகக் கூடாது. எங்கள் பொங்கலுக்கும் அப்படித்தான், சுபைதா வீட்டுப் பெருநாளுக்கும் அப்படித்தான். மூன்று சாமிக்காரர்களும் வளவுக்குள் ஒரே மாதிரி கடைப்பிடித்த சட்டம் அது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் டிசம்பரில், வெள்ளிக்கிழமை, அவர் அங்கே மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனார். கம்பெனியின் பம்பாய் ஆபீஸ்காரர்கள் மறுநாள் பெரியத்தானுக்கு, அதுதான் அண்ணன் ஐயம்பெருமாளுக்கு, அவர் வேலை பார்க்கிற பாங்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேரன்மகாதேவியிலிருந்து பஸ் பிடித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். ஆறி ஏடு படிகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். “என்ன பெரியத்தான், அக்காகூடச் சண்டையா? முகம் தொங்கிக் கிடக்கு” என்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றார். என் மகள் மதுமதிக்கு அப்போது எட்டு வயசு. அவளைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்தித் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். “விடுங்க பெரியப்பா, சடை கலையுது” என்று அவள் சிணுங்கினாள்.

“நாளைக்கு அப்பா போன் வருமாட்டி?” என்று கேட்டார்.

“வராம பின்ன?” என்றாள் அவள்.

அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். டீச்சர் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பகலில் சாத்தாத கதவு அது. வங்கிக்காரர், வாத்தியார் வீடு, ஏதாவது கடன் சம்பந்தமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். கேளுங்கள் இந்தக் கூத்தை, என் வீட்டு இழவை என் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு டீச்சர் சொல்லித்தான் தெரியும். அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கு எல்லாமே அடைத்துக் கிடக்கிறதாம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிற பெரிய டாக்டர் லீவு, போலீஸ்காரர் லீவு, தூதரகம் லீவு. புதன்கிழமைக்கு முன்னால் ஒரு காகிதம் நகராதாம். உடம்பு வருமா, அங்கேயே எரித்துவிடுவார்களா, அதுவும் தெரியாதாம். “எல்லாம் தெரிஞ்ச பொறவு ஒரேயடியாச் சொல்லிருவோம். இப்பமே சொன்னா அவ பொணத்தையும் காணாம சேதியையும் வச்சுக்கிட்டு என்ன செய்வா?” என்று பெரியத்தான் அழுதிருக்கிறார். நாளைக்குப் போன் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாக்கியசீலன் சார் மட்டும், “இது நிக்காதுவே. அந்தப் பிள்ளைகிட்ட இன்னைக்கே சொல்லிரும்” என்றாராம். பெரியத்தான் கேட்கவில்லை. பின்வாசல் வழியாகவே போய்விட்டார், என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். எங்களுக்கு மார்கழி. இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து டீச்சரும் சாரும் வந்தார்கள். டீச்சர் உடம்பில் புதுப்பட்டு, கையில் பைபிள். நான் குனிந்தபடியே, “ஹாப்பி கிறிஸ்துமஸ் டீச்சர்! சீக்கிரம் தட்டைக் கொண்டாங்க, நேத்து ராவே நாக்கு ஊறுது” என்று சத்தம் கொடுத்தேன். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்கள். என்னைப் பார்க்கவில்லை, கோலத்தைப் பார்த்தார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்கள்.

சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போடுகிறவளைப் பார்த்தால் வேறென்ன செய்வார்கள்? எனக்குத்தான் தெரியாதே. இதென்ன பவிசு, பட்டுக்கட்டினால் பதில் சொல்லக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணி ஆயிற்று, தட்டு வரவில்லை. மது தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். சுபைதா வீட்டுக்குத் தட்டு போவதைக் கண்ணால் பார்த்தேன். சார்தான் கொண்டுபோனார். கோடி வீட்டுக்குப் போயிற்று. எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிற்று, அவர் தலையைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சுபைதா வாயை மென்றுகொண்டே வந்து, “அக்கா, இந்த வருசம் முந்திரிக்கொத்து என்னமா வந்திருக்கு! நீங்க தின்னாச்சா?” என்று கேட்டாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தேன். போன வாரம் குழாயடியில் டீச்சர் வீட்டு வேலைக்காரியைத் திட்டினேனே, அதுவா? அதுக்காக நல்ல நாளும் பொழுதுமாக ஒரு வீட்டை ஒதுக்குவார்களா? பத்து வருஷப் பழக்கம் இவ்வளவுதானா? வரட்டும், போன் பேசப் போகும்போது முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே அரிசி களைந்தேன்.

அடுப்பில் விறகை வைத்துக் குனியும்போது புறவாசலில் ஆள் அரவம். டீச்சர் நின்றார்கள். பட்டைக் காணோம். வெளுத்துப்போன பழைய நூல்சேலை. ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் பிளாஸ்க்.

“கோமு, இட்லி இருக்கு. பிள்ளைக்குக் குடு. நீயும் ரெண்டு வாய் சாப்பிடு. அடுப்பு பத்த வைக்காண்டாம்” என்றார்கள்.

“ஏன், என் வீட்டு அடுப்புக்கு என்ன வந்துச்சு? ஊருக்கெல்லாம் பலகாரம், எனக்கு மட்டும்...”

சொல்லிக்கொண்டே வந்த வாய் அங்கேயே நின்றுவிட்டது. பலகாரம் இல்லை. இட்லியும் காபியும். அடுப்பு பற்ற வைக்காதே. இதை எந்த வீட்டுக்கு வந்து சொல்வார்கள்? நானே எத்தனை வீட்டுக்கு இட்லிச்சட்டியும் காபியுமாகப் போய் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். போன் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லத்தான் டீச்சர் வந்தார்கள். சத்தியம் செய்துவிட்டார்களே, சாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் துட்டி வீட்டுக்குள் இனிப்போடு நுழைய அந்த அம்மாளுக்குக் கால் வரவில்லை, பட்டினியாக விடவும் மனசு வரவில்லை. வளவுக்காரியாக அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டார்கள்.

“டீச்சர், எங்க வீட்டுலயா?” என்று கேட்டேன்.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். “வெள்ளிக்கிழமை, கோமு. காய்ச்சலாம். நான் பாவி, உங்கிட்டச் சொல்லலையே” என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நான் தலைக்குக் குளித்தேன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் பார்த்து, ஒரு கோமாளி வழுக்கி விழுந்ததற்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த மனுஷன் போன் பேசும்போது இந்தத் தடவை என்ன சண்டை போடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கிறார், ஊரே வெடி போட்டுக்கொண்டிருக்கிறது, கையெழுத்துப் போட ஆளில்லை, நான் இங்கே பூ வைத்திருக்கிறேன். பூவைப் பிய்த்து எறிந்தேன். அடுப்பில் வைத்த விறகில் தண்ணீரை ஊற்றினேன். டீச்சரைக் கண்டபடி பேசினேன். “உங்களுக்கு ஒண்ணுன்னா நான் இப்படி மறைப்பேனா? என் புருசன் எனக்கு இல்லாம உங்களுக்கா செத்தாரு? யாரு குடுத்த அதிகாரம் இது?” என்று கேட்டேன். டீச்சர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மது சுபைதா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்துவிடக்கூடாதே என்று டீச்சர் கதவைச் சாத்தினார்கள். பிறகு இட்லியை அங்கேயே கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முதுகைச் சுவரில் வைத்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெயில் இறங்கிவிட்டது. காபி நேரம் வந்தபோது கால் தானாக எழுந்து டீச்சர் வீட்டுக்கு நடந்தது. வருஷா வருஷம் அந்த நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்து பழகின கால்.

போனைப் பார்த்தேன். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு தலையணையை அமுக்கி வைத்திருந்தார்கள். தலையணையைத் தள்ளிவிட்டு ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். “யாரும்மா கூப்பிடப் போறா?” என்று பாக்கியசீலன் சார் மெல்லக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? உட்கார்ந்திருந்தேன்.

அது அடித்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஐயோ, அந்த ஒரு நொடி எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எல்லோரும் பொய் சொல்லுகிறார்கள், அவர்தான் பேசுகிறார் என்று தோன்றியது. பாய்ந்து எடுத்தேன்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கொட்டுச் சத்தம், பாட்டு, சிரிப்பு, வெடி. அதற்கு நடுவில் ஒரு கனத்த குரல் இங்கிலீஷில், “ஹாப்பி கிறிஸ்துமஸ், மேடம்” என்றது. அந்த ஊரில் அன்றைக்கு எதைச் சொல்வதற்கு முன்னாலும் அதைத்தான் சொல்வார்கள் போல. பிறகு அந்தக் குரல் உடைந்துவிட்டது.

நான் பி.ஏ. வரைக்கும் படித்தவள், நிதானமாகப் பேசினால் புரியும். அவர் நிதானமாகத்தான் பேசினார். தன் பெயர் இத்ரிசு, கம்பெனி வேன் டிரைவர் என்றார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடராஜோடு போன் ஆபீஸுக்கு வந்து வரிசையில் நிற்பவர் அவர்தானாம். நடராஜ் பேசும் இங்கிலீஷ் கவுண்டரில் இருப்பவருக்கு விளங்காதாம், அதனால் எங்கள் நம்பரைச் சொல்வது எப்போதும் அவர் வேலையாம். அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டதாம். “நான் கிறிஸ்தவன் இல்லை மேடம். ஆனால் லீவு எனக்கும் உண்டு. இன்றைக்கு உங்கள் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் காத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் யாரும் இல்லை. யாரும் கூப்பிடாமல் நீங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று விடியற்காலையில் வந்துவிட்டேன்” என்றார். காய்ச்சல் முற்றியபோது அவர்தான் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைசிவரை கூட இருந்திருக்கிறார். தினமும் போய் பிணவறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வருகிறாராம். “அவரைத் தனியாக விடவில்லை மேடம்” என்றார்.

என் சொந்தக்காரர்களுக்குத் தெரியாத மரியாதை அந்த முகம் தெரியாத மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்காமலே உண்மையை என்னிடம் நேராகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“அம்மா! போன் வந்துட்டா?”

மது வாசலில் நின்றாள். போன் மணி எதிர்வீட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, நான் சுதாரிக்கும் முன்னே ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். “அப்பா! அப்பா, நான் மது! கேக்குதா? நான் கிளாஸ்ல பர்ஸ்ட்டுப்பா!”

டீச்சர் “ஏசுவே” என்று முனகினார்கள். நான் கையை நீட்டினேன், அவள் ரிசீவரோடு திரும்பிக்கொண்டாள். பிறகு அந்தக் கனத்த குரல், திக்கித் திக்கி, தமிழில் வந்தது. ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது.

“மது... சாப்ட்டியாம்மா?”

வரிசையில் பக்கத்தில் நின்று வருஷா வருஷம் அந்த மனுஷன் கேட்ட தமிழ் அது. எங்கள் வீட்டுக்காரர் மகளிடம் பேசினால் முதலில் வருகிற வார்த்தை அதுதான். அதை அவர் ஏன் சொன்னார், என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை குரலைக் கேட்டதும் வேறு எதுவும் வாயில் வந்திருக்காது.

“சாப்டேம்ப்பா, இட்லி. நீங்க சாப்டீங்களா? அப்பா? அப்பா?”

லைன் அறுந்துவிட்டது. மது ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, அப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கா? குரலே மாறிப்போச்சு.”

டீச்சரும் சாரும் என்னைப் பார்த்தார்கள். சற்று முன்னால்தான் அந்த அம்மாளிடம், மறைக்க யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்டிருந்தேன்.

“ஆமாட்டி, சளிதான் போலுக்கு” என்றேன்.

“மருந்து குடிக்கச் சொன்னியா?”

“சொன்னேன்” என்றேன்.